பின்வாசல் தேங்க் யூ

கனடாவின் வான்கூவர் நகரில் பஸ் நிற்கிறது. பின்வாசலில் இறங்கும் பெண், அங்கிருந்தே டிரைவருக்குக் கேட்கும்படி "தேங்க் யூ!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்குகிறார்.

பின்னாலேயே ஒரு பள்ளிக்கூடப் பையன். காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே அவனும் ஒரு தேங்க் யூ.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கையை லேசாகத் தூக்குகிறார்.

ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பாவுக்கு ஆச்சரியம். "டிக்கெட்டுக்குத்தான் காசு கொடுத்தாச்சே, அப்புறம் எதுக்குப்பா?"

கனடாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். வீட்டுக்குள் போனால் ஷூவைக் கழற்ற வேண்டும் என்பதை நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவு விஷயம்தான் கொஞ்சம் சங்கடம். நாம் பத்தடி தள்ளி வந்தாலும், முன்னால் போகிறவர்கள் நமக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். அந்த மரியாதைக்காக நாம் ஓட வேண்டும்.

டிப்ஸ் வேறு கதை. ரெஸ்டாரண்டில் கார்டு மெஷினே 15, 18, 20 சதவீதம் என்று கேட்கும். மெனுவில் போட்ட விலையில் வரியும் சேர்ந்திருக்காது.

சித்தப்பா ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளையிலிருந்து வீட்டிலேயே ரசம் வைத்துக்கொள்ளலாமாம்.