தரை துடைக்க வந்தவர்

அருங்காட்சியகத்தில் வேலை என்று சொன்னால் பாதிப் பேர் "டிக்கெட் கொடுக்கிறவரா?" என்பார்கள். மீதிப் பேர், காடு மலையெல்லாம் சுற்றி எலும்பு தோண்டுகிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இயற்கை வரலாற்றுப் பிரிவில் சேர்ந்து முதல் மூன்று மாதம் செய்தது இதுதான்: பாட்டில் கழுவுவது, உயிரின உடல்களை அழுகாமல் வைக்கிற பார்மலின் திரவத்தை மாற்றுவது, மூடியைச் சுற்றி மெழுகு பூசுவது. கண் எரிந்துகொண்டே இருக்கும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அந்த வாடை.

அந்த நாட்களில்தான் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸைப் பற்றிப் படித்தேன். 1884இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெலாய்ட் என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பறவை, விலங்குகளைப் பாடம் பண்ண, அதாவது செத்த உடலின் தோலை உயிருள்ளது போல நிறுத்தி வைக்க, தானாகக் கற்றுக்கொண்டு, அந்த வருமானத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தார். 1906இல் நியூயார்க் போய், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநரிடம் வேலை கேட்டார். காலியிடம் இல்லை. அப்படியானால் தரையாவது துடைக்கிறேன் என்றார். பட்டம் வாங்கியவர் தரை துடைப்பதா என்று இயக்குநர் தயங்க, எல்லாத் தரையையும் துடைக்க மாட்டேன், அருங்காட்சியகத் தரை வேறு என்றாராம். மாதம் 40 டாலர் சம்பளம். தரை துடைத்த நேரம் போக, பாடம் பண்ணும் பிரிவில் எடுபிடி வேலை.

அதே மனிதர் 1930களில் அங்கேயே இயக்குநரானார் என்பதைத்தான் எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். சினிமாக் கதை மாதிரி இருப்பதால் எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. 1907இல் லாங் ஐலண்ட் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்பை எடுத்துவர அவரையும் இன்னொருவரையும் அனுப்பினார்களே, அந்தக் கதைதான் பிடிக்கும். உறைய வைக்கிற குளிர். அலை மணலைக் கொண்டுவந்து உடலை மூடிவிட்டது. தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர். ஆனாலும் எலும்புகளை மீட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். அழுகிய ஒரு டால்பினைப் பக்கத்தில் நின்று அறுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வருகிறவன்தான் இந்தத் துறையில் நிலைப்பான். அவர் வந்தார். பிறகு பல ஆண்டுகள் திமிங்கிலங்களின் பின்னாலேயே ஜப்பான், கொரியா வரை போனார்.

அவருக்குப் புகழ் தந்தது மங்கோலியா பக்கத்துக் கோபி பாலைவனம். 1922 முதல் 1930 வரை ஐந்து பயணங்கள். மனித இனம் தோன்றிய இடம் மத்திய ஆசியாதான் என்று அருங்காட்சியகத் தலைவர் ஹென்றி ஆஸ்போர்ன் நம்பியிருந்தார். அதற்கு ஆதாரம் தேடித்தான் போனார்கள். ஆதிமனிதன் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது டைனோசர்.

டாட்ஜ் கார்களில் ஆட்கள் போனார்கள். அவர்களுக்கான பெட்ரோலையும் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு ஒட்டகங்கள் முன்கூட்டியே கிளம்பிவிடும். எலும்பை மண்ணிலிருந்து எடுக்கும்போது பொடிந்து போகாமல் இருக்க, சாக்குத் துணியை மாவுப் பசையில் நனைத்துச் சுற்றுவார்கள். நம் ஊரில் போஸ்டர் ஒட்டக் காய்ச்சுகிற பசைதான், வேறொன்றுமில்லை. பொட்டலத்துக்கு இடையில் அடைக்க, ஒட்டகத்திலிருந்து உதிர்ந்த ரோமம். ஒரே இரவில் கூடாரங்களுக்குள் புகுந்த 47 விரியன் பாம்புகளைக் கொன்ற கதையும் உண்டு. அதைச் சொல்லாத ஆள் இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆண்ட்ரூஸுக்கு ஒரு குறை இருந்தது. பொறுமை கிடையாது. தூரிகையால் தட்டி எடுக்க வேண்டிய எலும்பைப் பிக்காசால் கொத்துவார். யாராவது ஓர் எலும்பை உடைத்துவிட்டால் 'ஆர்.சி.ஏ. ஆகிவிட்டது' என்று அவருடைய பெயரின் முதலெழுத்துகளை வைத்தே கூட இருந்தவர்கள் கிண்டல் பண்ணினார்களாம். உண்மையான எலும்பு வேலை செய்தவர் வால்டர் கிரேஞ்சர். பள்ளிப் படிப்பையே முடிக்காமல் 17 வயதில் அதே அருங்காட்சியகத்தில் சேர்ந்தவர். ஆண்ட்ரூஸின் படம் பத்திரிகை அட்டையில் வந்தது. கிரேஞ்சரை யாருக்குத் தெரியும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு பெரம்பலூர் பக்கம் காரைக்கு அழைத்துப் போனார்கள். செம்மண்ணும் வெளிர்மண்ணுமாக மழை அரித்த பள்ளங்கள். ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்த நிலம். துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட் புதைபடிவங்கள், அதாவது கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரியின் கல்லாகிப்போன மிச்சங்கள், காலடியிலேயே கிடந்தன. எனக்கு ஆண்ட்ரூஸ் ஆகிவிட்ட நினைப்பு. இந்த ஓடைக்கும் அந்த மேட்டுக்குமாக ஓடி ஓடிப் பொறுக்கி ஒரு பை நிறைய நிரப்பிக்கொண்டேன். மேசையில் கொட்டியதும் எங்கள் மூத்த உதவியாளர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இது எந்தப் பாறை அடுக்குல இருந்துச்சு தம்பி?"

"அங்கதான் சார்... எல்லாமே காரைதான்."

"அப்ப இது புதைபடிவம் இல்ல. கல்லு."

பதிவேட்டில் ஒன்றுகூட ஏறவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவர் சொன்னது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. 1923இல் கோபியில் ஜார்ஜ் ஓல்சன் என்ற உதவியாளர் டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்தார். அவற்றின் மேல் இன்னொரு சிறிய டைனோசரின் எலும்பும் கிடந்தது. முட்டை புரோட்டோசெரடாப்ஸ் என்ற வேறொரு டைனோசருடையது, இது திருட வந்தது என்று முடிவு கட்டி, ஆஸ்போர்ன் 1924இல் அதற்கு ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன், என்று பெயர் வைத்தார். சுமார் 70 ஆண்டு கழித்து, 1993இல், அதே அருங்காட்சியகத்தார் கோபியில் இன்னோர் இடத்தில் அதே வகை முட்டைக்குள் கருவைப் பார்த்தார்கள். அது ஓவிராப்டர் குடும்பத்தைச் சேர்ந்த குட்டி. திருட வந்ததாக நினைத்தது அடைகாத்த தாயோ தகப்பனோதான். அந்த எலும்பு அந்த முட்டைகளின் மேல்தான் கிடந்தது என்று 1923இலேயே பதிந்து வைத்திருந்ததால்தான் பழி நீங்கியது. எலும்பு தனி, முட்டை தனி என்று என்னைப் போலப் பையில் அள்ளிப்போட்டிருந்தால்? பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. விதிப்படி முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்.

காரையில் பொறுக்கியதில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற நாளில் வீட்டுக்கு எடுத்து வந்தேன், பதிவேட்டில் இல்லாத பொருளுக்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. இப்போது மின்விசிறிக் காற்றில் மின்கட்டண ரசீது பறக்காமல் பார்த்துக்கொள்கின்றன.