பி.எம். கிசான் தவணை நின்றுபோனால் முதலில் எங்கே பார்ப்பது?

பி.எம். கிசான் என்பது நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு மத்திய அரசு தவணைக்கு இரண்டாயிரமாகத் தரும் உதவித்தொகை. ஊரில் எல்லாருக்கும் அந்த இரண்டாயிரம் ஏறி, ஒருவருக்கு மட்டும் ஏறவில்லை என்றால் அவர் நேரே வங்கிக்குப் போவார். "எங்களுக்கு வரல, வேளாண்மை ஆபீசுல கேளுங்க" என்பார்கள். அங்கே போனால் வி.ஏ.ஓ.வைப் பார்க்கச் சொல்வார்கள். இந்த அலைச்சலில் இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். கிளம்புவதற்கு முன்பே எந்த ஆபீஸ் வேலை என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

பி.எம். கிசான் இணையதளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் பதிவு எண்ணையும் ஓ.டி.பி.யையும் போடுங்கள். நிலப் பதிவு, இ-கேஒய்சி (ஆதாரை வைத்து ஆளை உறுதிசெய்வது), வங்கியில் ஆதார் இணைப்பு என மூன்று வரிகள் வரும். எதில் 'நோ' என்று இருக்கிறதோ அதை மட்டும் சரிசெய்தால் போதும். புது விண்ணப்பம் போடவே வேண்டாம். அது சிக்கலை இரட்டிப்பாக்கும்.

இ-கேஒய்சி எளிது. ஆதாரில் உள்ள செல் நம்பர் கையில் இருந்தால் ஓ.டி.பி.யிலேயே முடியும். இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை. காலமெல்லாம் களை வெட்டித் தேய்ந்த விரல் மெஷினில் பதியாது. அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு பி.எம். கிசான் செயலியில் முகம் காட்டி முடிக்கலாம், அடுத்தவர் போனிலேயே.

அதிகம் பேர் குழம்புவது வங்கி விஷயத்தில்தான். கணக்கு தொடங்க ஆதார் நகல் கொடுத்தது வேறு, மானியம் வருவதற்கான இணைப்பு வேறு. பணம் உங்கள் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான், அதுவும் கடைசியாக இணைத்தது. இடையில் வேறு கணக்கு தொடங்கி, நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பணம் அங்கே போய்க் கிடக்கும். மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். மாற்ற வேண்டுமானால், வேண்டிய வங்கியில் "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் பண்ணணும்" (அரசுப் பணம் நேரே கணக்குக்கு வருவதற்கான ஆதார் இணைப்பு) என்றே கேளுங்கள். "ஆதார் லிங்க்" என்று மட்டும் சொன்னால் கேஒய்சி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

நிலம்தான் நாள் பிடிக்கும். தாத்தா பெயரில் பட்டா, உழுவது பேரன் என்றால் கிஸ்தி ரசீது உதவாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்துப் பட்டா மாற்ற வேண்டும். பங்காளிகள் தனிப்பட்டா கேட்டால் சர்வேயர் வந்து உட்பிரிவு செய்தாக வேண்டும். 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்தது என்பதே கணக்கு. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியதும், அப்பா உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்ததும் சேராது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தால் சேரும். பட்டாவில் வெறும் 'முருகேசன்', ஆதாரில் அப்பா பெயரோடு சேர்ந்த 'முருகேசன்' என்றிருந்தாலும் தடங்கல் வரலாம். வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குச் சிட்டாவும் ஆதாரும் எடுத்துப் போங்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் இன்னும் வாங்காதவர்கள் அதையும் பொதுச் சேவை மையத்தில் எடுத்துவிடுங்கள்.

குத்தகைக்கு உழுகிறவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. கோயில் நிலத்தைத் தலைமுறையாக உழுதாலும் கிடையாது. வெயிலில் நிற்பவரை விட்டுவிட்டுப் பத்திரம் வைத்திருப்பவருக்குக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதற்கு ஆண்டுக்கு ஆறாயிரம்தான். வருமான வரி கட்டுபவர் வீட்டுக்கும், மாதம் பத்தாயிரமோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குபவர் வீட்டுக்கும் இல்லை (கடைநிலை ஊழியராக ஓய்வு பெற்றவருக்கு விலக்கு உண்டு). தகுதியில்லாமல் வாங்கினால் திருப்பிக் கேட்பார்கள். 2020ல் தமிழ்நாட்டில் போலிப் பதிவுகளில் ₹110 கோடி போனது வெளிப்பட்டபோது பல கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள்.

குறை சரியானதும், தகுதி இருந்தும் நின்ற தவணைகள் சேர்ந்து வரும். அடுத்த தவணையிலும் வரவில்லை என்றால் 155261 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் பி.எம். கிசான் பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்பை (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) மட்டும் தொடாதீர்கள். அது கணக்கைத் துடைக்க வருவது.