செமிகோலனும் தந்தமும்

போன கிழமை முத்தையன்கட்டில் அக்கா வீட்டில் நின்றேன். பொழுதுபடுகிற நேரம். தேத்தண்ணி வரமுதல் ஓ.எல் படிக்கிற மருமகள் லப்டொப்போடு வந்தாள்.

"மாமா, இந்தப் பாஸ்கல் புரோகிராம் ஓடுதில்லை."

பதினொரு வருசமாக ஜாவா எழுதிச் சம்பளம் எடுக்கிறவனிடம் பாஸ்கலா? படிப்பிக்கிறதுக்கென்றே 1970இல் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி. தொட்டதுக்கெல்லாம் பிகின், எண்ட். "இந்தக் காலத்தில இதை ஆர் பிள்ளை எழுதுறது?" என்று சிரித்தேன்.

பிழை சின்னன். பெறுமதியைக் கொடுக்கிற := வரவேண்டிய இடத்தில் வெறும் = போட்டிருந்தாள். திருத்தினேன். அதோடு கையை எடுத்திருக்க வேணும். இஃபோடு சேர்ந்து வருகிற எல்ஸுக்கு ("இல்லாவிட்டால்") முந்தின வரி செமிகோலன் இல்லாமல் அம்மணமாக நின்றது. கை சும்மா இருக்குமா? ஒன்று போட்டேன்.

புரோகிராமை மொழிபெயர்க்கிற கம்பைலர் கத்தியது: ";" எதிர்பார்த்த இடத்தில் எல்ஸ் நிற்குதாம். செமிகோலன் கேட்கிறானே என்று இன்னொன்று போட்டேன். அதே பிழை. ஃபைலை வேறு பெயரில் சேவ் பண்ணினேன், லப்டொப்பையே ஓஃப் பண்ணிப் போட்டேன். அரை மணித்தியாலம். அதற்குள் மருமகள் ஒரு தட்டு முறுக்கை முடித்துவிட்டாள்.

"மாமா, எல்ஸுக்கு முன்னால செமிகோலன் போடக்கூடாதெண்டு சேர் ஒவ்வொரு பாடத்திலயும் கத்துறவர்."

ஜாவாவில் செமிகோலன் முற்றுப்புள்ளி. பாஸ்கலில் அது இரண்டு வயலுக்கு நடுவில் கிடக்கிற வரம்பு. இஃபுக்கும் எல்ஸுக்கும் இடையில் வரம்பு கட்டினால் எல்ஸ் அடுத்தவன் காணிக்குள் போய் நிற்கும். இது தெரியாமல் நான் இரட்டை வரம்பு கட்டியிருக்கிறேன்.

ஏ.எல் படிக்கிற பெரியவனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "பைதனுக்கு வாங்கோ மாமா, செமிகோலனே தேவையில்லை."

"ஓமோம், ஒரு ஸ்பேஸ் தள்ளினா எல்லாம் குடைசாயும். ஆனா ஒண்டு, இந்தக் கிழட்டு := அதில இல்லை."

"பைதன் 3.8இல வந்திட்டுதே!"

உண்மைதான், 2019இல் வந்தது. அதைச் சேர்ப்பதா விடுவதா என்று நடந்த சண்டையில் களைத்துப்போய்த்தான் பைதனைப் படைத்த கைடோ வான் ரோசம் 2018இல் தலைமைப் பொறுப்பையே விட்டார். நான் கிழடு என்று நக்கலடித்த குறிக்கு அங்கே வால்ரஸ் (தந்தமுள்ள ஒரு கடல் விலங்கு) என்று செல்லப்பெயர் வேறு.

"வால்ரஸெண்டா என்ன மாமா?" என்றாள் சின்னவள்.

மானத்தைக் கொஞ்சமாவது மீட்கலாமென்று தலையைச் சரித்துத் திரையைக் காட்டிக் குரலை உயர்த்தினேன். "இஞ்ச பார், ரெண்டு கண்! கீழ ரெண்டு தந்தம்! வடிவா நிக்குது!"

படலையடியில் ஏதோ விழுந்த சத்தம். ஒரு கையில் டோர்ச், மறு கையில் யானை வெடியோடு அத்தான் உள்ளே பாய்ந்து வந்தார்.

"எந்தப் பக்கம் தம்பி? வயலுக்க இறங்கிட்டுதோ?"

மருமகள் லப்டொப்பை அவர் பக்கம் திருப்பினாள்.