பிடுங்கிய பிறகும் வலித்த பல்

இல்லாத பல் வலிக்குமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு வலித்தது. அந்த வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் 11 மாதம், 6 மருத்துவர்கள், ஒரு பல் எல்லாம் போய்விட்டன. மாதமும் மருத்துவர்களும் போகட்டும், அந்தப் பல்லை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை.

இடது மேல் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால். 3 தடவை போனேன், கேப் போட்டார்கள், முடிந்தது. ஒரு வாரம் கடிக்கும்போது நோவு இருக்கும் என்றார்கள், இருந்தது. இரண்டாவது வாரம் அது போய், கடிக்காதபோதும் ஒரு எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஈறில் ஆரம்பித்து மூக்கின் ஓரம் வரை, மிளகாய்க் கையால் தொட்ட மாதிரி. காலையில் எழும்போது இருக்காது. பல் தேய்த்ததும் ஆரம்பித்தால் படுக்கும் வரை நிற்காது, ஆனால் ஒருநாள்கூடத் தூக்கத்தில் என்னை எழுப்பியதில்லை. இந்த விவரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

முதல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார், "நல்லாத்தானே இருக்கு" என்றார். மறுபடி போனேன், மறுபடி எக்ஸ்ரே, மறுபடி நல்லாத்தான் இருந்தது. படம் நன்றாக இருந்தால் எனக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

இரண்டாவது மருத்துவர் முப்பரிமாணப் படம் எடுக்கச் சொன்னார், கோன் பீம் சிடி ஸ்கேன் என்பார்கள். மேல் கடைவாய்ப் பல்லில் நாலாவதாக ஒரு மெல்லிய வேர்க்குழாய் ஒளிந்திருப்பது சகஜமாம், எனக்கும் இருந்தது, முதலில் செய்தவர் அதை விட்டுவிட்டார். ஆஹா, மாட்டிக்கொண்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரும்பத் திறந்து சுத்தம் செய்து அடைத்தார்கள். 2 நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் அதே எரிச்சல், அதே இடம். அடுத்த மாதம், "பிடுங்கிடுங்க டாக்டர்" என்று சொன்னது நான்தான். அவர் ஒரு தடவை "யோசிச்சீங்களா?" என்று கேட்டார், அதோடு சரி. குழி ஆறியது, வலி ஆறவில்லை. கொஞ்ச நாளில் பக்கத்துப் பல்லும் வலிக்கிற மாதிரி தோன்ற ஆரம்பித்தது.

மூன்றாவது மருத்துவரிடம் அந்தப் பக்கத்துப் பல்லையும் திறக்கத்தான் போனேன். ஊசி போட்டார், உதடு கனத்தது, கன்னம் என்னுடையதே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆனால் உள்ளே எரிச்சல் மட்டும் அப்படியே. குழறிக்கொண்டே சொன்னேன். கையிலிருந்த டிரில்லைக் கீழே வைத்துவிட்டார். "இவ்வளவு மரத்த பிறகும் எரியுதுன்னா எனக்குப் பல் மேல சந்தேகம் இல்லை. நான் இதைத் தொட மாட்டேன்." இத்தனை மாதத்தில் எனக்கு உருப்படியாக உதவிய முதல் ஆள், எதுவும் செய்யாமல் அனுப்பிய இந்த மனிதர்தான். மரத்துப்போகும் ஊசியில் வலி போகிறதா இல்லையா என்பது ஒரு துப்பு, அதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் பல்லைப் பிடுங்கும் முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். ஊசிதானே, குத்திய இடம் ஆறிவிடும். பிடுங்கிய பல் முளைக்காது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் சைனஸ் சுத்தமாக இருக்கிறது என்றார், அது அரைமணி நேர வேலை.

நரம்பியல் மருத்துவரிடம் 2 நிமிடம். முகத்தில் வலி என்றதுமே, முகத்து நரம்பில் வருகிற முக்கிளை நரம்பு வலி என்ற நோய்தான் என்று கார்பமாஸெபைன் மாத்திரை எழுதிவிட்டார். 3 வாரம் தலைசுற்றலும் தூக்கமுமாகத் திரிந்தேன், எரிச்சல் இம்மியும் குறையவில்லை. அந்த நோய் கரண்ட் அடித்த மாதிரி பளிச்சென்று வரும், நொடிகளில் போகும், மிஞ்சிப்போனால் 2 நிமிடம். எனக்கோ நாள் முழுக்க எரிச்சல். அவர் கேட்கவில்லை, நானும் "வலி" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். போகும் முன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: எரிகிறதா, சுண்டுகிறதா, விண்விண் என்கிறதா, எவ்வளவு நேரம், தொட்டால் கூடுகிறதா, தூக்கத்தைக் கெடுக்கிறதா. ஒரு பக்கத் தாள் போதும். அந்த மாத்திரையை எழுதினால் ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள், ரத்தத்தில் சோடியம் குறையலாம். தோலில் தடிப்பு கிளம்பினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஓடுங்கள்.

எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னதும் அவர்தான். நரம்பை ரத்தக்குழாய் அழுத்துகிறதா, கட்டி கிட்டி இருக்கிறதா என்று பார்க்க. ஒன்றும் இல்லை. நிம்மதிதான், ஆனால் வலிக்கிற ஆளுக்கு "ஒன்றும் இல்லை" என்பது எத்தனை கசப்பான நிம்மதி என்பது அனுபவித்தவருக்குத் தெரியும்.

கடைசியாக, பல் மருத்துவம் படித்து முகம், வாய் வலிகளை மட்டும் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். 6 வாரம் காத்திருந்து போனால், எம்ஆர்ஐ ரிப்போர்ட் இருக்கிறது, படம் இல்லை. "ரிப்போர்ட் எனக்கெதுக்கு, நரம்பு போற பாதையை நான் பார்க்கணும்." திரும்பி வந்தேன். ஒருநாள் பாழ். எந்த ஸ்கேன் எடுத்தாலும் படம் பதிந்த குறுந்தகட்டை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

முதல் ரூட் கெனாலுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயும் வேண்டும் என்றார். அந்த கிளினிக் ரிசப்ஷனில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சிஸ்டம் மாத்திட்டோம் சார், பழசெல்லாம் வராது" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். டாக்டர் இல்லை. மறுநாள் போனேன், டாக்டர் இருந்தார், ரிசப்ஷன்காரர் இல்லை. மூன்றாவது தடவை என் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள்.

அந்தப் பழைய எக்ஸ்ரே இல்லாமலேயே அந்த வலி மருத்துவர் பார்த்தார். முக்கால் மணி நேரம், அதில் பாதி நேரம் கேள்விதான். அப்புறம் குச்சியில் பஞ்சைச் சுற்றி வலது ஈறில் ஒரு கோடு இழுத்தார். பஞ்சு, அவ்வளவுதான். அதே பஞ்சை இடது பக்கம் இழுத்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன், தீக்குச்சி மாதிரி இருந்தது. ஊசிமுனையால் தொட்டபோது நேர்மாறு: வலது பக்கம் சுருக்கென்றது, இடது பக்கம் மந்தம். தாடைத் தசையையும் அழுத்திப் பார்த்தார், தசை வலியும் பல் வலி வேஷம் போடுமாம்.

நரம்புக்குக் காயம் பட்டதால் வருகிற வலி என்றார். பல் வேலையில் நுனி நரம்பு அடிபட்டு, புண் ஆறிய பிறகும் அது வலி, வலி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. திறந்தது, மறுபடி திறந்தது, பிடுங்கியது எல்லாம் அடிபட்ட இடத்திலேயே மேலும் அடி. இப்படிப்பட்ட வலிகளையெல்லாம் பிரித்துக் காட்டும் சர்வதேச வகைப்பாடு ஒன்று 2020-லேயே வந்துவிட்டதாம். இவருக்கு முன் நான் பார்த்த யாரும் அதைப் பிரித்த மாதிரி தெரியவில்லை.

மருந்து அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம், மெல்ல மெல்லக் கூட்டினார். வீட்டுக்கு வந்து தேடினால் மனச்சோர்வு மாத்திரை என்று போட்டிருக்கிறது. ஓ, இவரும் நம்மைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார் என்று கொதித்துப்போய் 4 நாள் போடவே இல்லை. ஃபோனில் கேட்ட பிறகுதான் விளக்கினார்: குறைந்த அளவில் இது நரம்பு வலிக்கே கொடுப்பது, பலன் தெரியச் சில வாரம் ஆகும். வாய் வறளும், வறண்டால் பல் சொத்தையாகும். பல் வலிக்கு வந்த மருந்து பல்லுக்கே வேட்டு வைக்கிற கொடுமையை என்ன சொல்ல! ஒரு பாட்டில் தண்ணீரோடுதான் இப்போது என் நடமாட்டம்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை பல் தேய்த்துவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், இன்னும் எரியவில்லையே என்று உறைத்தது. முழுதாகப் போகவில்லை, பத்துக்கு ஏழாக இருந்தது இரண்டு மூன்றாக இருக்கிறது.

போன வாரம் அந்த கிளினிக்கில் இருந்து ஃபோன், "உங்க பழைய எக்ஸ்ரே கிடைச்சிடுச்சு சார்." வேலையை விட்டுவிட்டு ஓடினேன். உறையில் என் பெயர்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கீழ்த்தாடை, அதுவும் வலது பக்கம்.