கச்சான் காற்றும் ஐந்து சென்ட் தோட்டமும்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குத் தெற்கே, தென்கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்களுக்கு ஐந்து சென்ட் மணல் பூமி. கத்தரி, வெண்டை, கொத்தவரை, கொஞ்சம் கீரை போட்டிருக்கிறேன். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாயும் நாலைந்து செடி, காய்த்து ஓயும் நிலையில் நிற்கிறது.

இந்த வைகாசி ஒரு நிலையில் இல்லை. ஒரு வாரம் அக்னி வெயில், மணலில் கால் வைக்க முடியவில்லை. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் மேற்கே இடி முழங்கி அரைமணி நேரம் ஊற்றித் தள்ளியது. மறுநாளே புழுக்கம், அதற்கு அடுத்த நாள் கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று.

எங்கள் ஊற்று எட்டடி ஆழம்தான். மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு என்பதால் மணலுக்குள் அதன் மேலே மிதந்து நிற்கிறது, அந்த மெல்லிசான நல்ல தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம், செடிக்கும் விடுகிறோம். போன வருடம் அவசரப்பட்டு மோட்டார் வைத்து இறைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கரித்தது. கத்தரி இலையெல்லாம் ஓரம் கருகி உள்நோக்கிச் சுருண்டுவிட்டது, பாத்தியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அப்பத்தா அன்றைக்கே சொன்னது: "இறைக்காத அய்யா, ஊற விடு." இப்போது காலையில் பத்துக் குடம், சாயங்காலம் பத்துக் குடம், அவ்வளவுதான். மிச்சத்தை மூடாக்கு பார்த்துக்கொள்கிறது. செடியைச் சுற்றித் தென்னை மட்டையும் சருகும் நாலு விரல் கனத்துக்குப் போட்டால் உள்ளே மண் மத்தியானம்கூட ஈரமாக இருக்கிறது, உப்பும் மேலே ஏறி வருவது குறைகிறது.

அந்த அரைமணி மழை பாத்தி உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிட்டது, இரண்டே நாளில் கத்தரி கொழுந்து விட்டது. ஆனால் சொட்டு விழுந்த வேகத்தில் மணல் தெறித்து, அப்போதுதான் முளைத்திருந்த தண்டுக்கீரை முழுக்க மூடிப்போனது. குனிந்து விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டதில் பாதி பிழைத்தது, மீதி போனது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கச்சானுக்குத் தென்மேற்கில் பனை ஓலைத் தட்டி கட்டியிருக்கிறேன். இடுக்கே இல்லாமல் கட்டாதீர்கள், காற்று மேலேறித் தாண்டி அந்தப் பக்கம் சுழன்று அடிக்கும்; கொஞ்சம் புகுந்து போக வழி வேண்டும். காற்று பலமாக அடித்த அன்று இலையில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பாருங்கள், கரிக்கும். அன்று சாயங்காலம் ஒரு குடம் நல்ல தண்ணீரைப் பூவாளியில் ஊற்றி இலையைக் கழுவிவிடுவேன்.

இன்றைக்கும் மேற்கே கருத்திருக்கிறது. கீரைப் பாத்தி மேல் நாலு ஓலையைப் பரப்பிவிட்டு வந்தேன்.