ராக்கெட் போர்டு: நாட்குறிப்பு

மே 7, ஞாயிறு, நாகர்கோவில்

ராக்கெட் உச்சியை எட்டியதும் பாராசூட்டை விரிக்கிற போர்டு இது. முதல் போர்டு சால்டர் செய்து முடித்தாச்சு. துளைத்துளையான டாட் போர்டில், நிரலை ஓட்ட ஓர் ஈஎஸ்பி 32 மைக்ரோகன்ட்ரோலர், காற்றழுத்தத்துக்கு பிஎம்பி 280, முடுக்கத்துக்கு எம்பியூ 6050, பதிவுக்கு 8 எம்பி ஃபிளாஷ் சிப். பாராசூட் மூடியைத் திறக்க எஸ்ஜி 90 சர்வோ என்ற குட்டி மோட்டார்.

ராக்கெட் தண்ணீர் ராக்கெட்தான். 2 லிட்டர் குளிர்பான பாட்டிலும் சைக்கிள் பம்பும் போதும். அமெரிக்காவில் 1957-லிருந்தே சங்கம் வைத்து மாடல் ராக்கெட் விடுகிறார்கள். பெரிய ராக்கெட்டுகளில் போர்டே கருமருந்தைப் பற்றவைத்துப் பாராசூட்டை வெளியே தள்ளும். நமக்கு அந்த வேலை வேண்டாம். இஸ்ரோ எஞ்சின் சோதிக்கும் மகேந்திரகிரி பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மொட்டைமாடியில் எரிபொருள் கிண்டக் கூடாது. எந்த ராக்கெட்டானாலும் போர்டு முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: உச்சி வந்தாச்சா, இல்லையா?

மே 10, புதன்

அண்ணன் மகன் வந்திருந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். "சித்தப்பா, முடுக்கம் பூஜ்யம் ஆகுற இடம்தானே உச்சி? பின்னே எதுக்கு இந்த அழுத்த சென்சார்?"

போர்டைப் பஞ்சில் பொதிந்து கையில் கொடுத்து, "மேலே எறிஞ்சு பிடி மக்கா" என்றேன். பதிவைக் கணினியில் விரித்தோம். கையில் இருந்தவரை 1 ஜி, அதாவது புவியீர்ப்பின் அளவு. எறிந்த கணம் ஒரு மேடு. கையை விட்டதும் பூஜ்யத்துக்கு வந்து, பிடிக்கும்வரை அங்கேயே ஒட்டிக் கிடந்தது. மேலே போனதற்கும் கீழே வந்ததற்கும் கோட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. சென்சாரைத் தாங்குகிற விசையும் தள்ளுகிற விசையும்தான் அதற்குத் தெரியும். புவியீர்ப்பு மட்டும் இழுத்தால் தெரியாது. தண்ணீர் தீர்ந்த நொடியிலிருந்தே ராக்கெட்டுக்கு இதே கதிதான், காற்றுத் தடை கொஞ்சம் கலந்திருக்கும், அவ்வளவே. முடுக்கமானி கிளம்பியதைச் சொல்லட்டும். உச்சிக்கு, மேலே போகப் போகக் குறையும் காற்றழுத்தம்தான்.

மே 14, ஞாயிறு, மாத்தூர்

அழுத்தத்தை நம்பலாமா என்று பார்க்கத் தெரிந்த உயரம் ஒன்று வேண்டும். தொட்டிப்பாலத்தை விட நல்ல அளவுகோல் இந்த மாவட்டத்தில் எங்கே கிடைக்கும்? 1966-இல் கட்டியது, உயரம் 115 அடி, அதாவது 35 மீட்டர். பறளியாற்றுப் பக்கம் இறங்கி உயரத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு, படியேறிப் பாலத்தின் மேல் வந்து நின்றோம். அழுத்தம் ஏறக்குறைய 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருந்தது. திரையில் உயரம் 33 மீட்டர்.

சென்சார் தப்பில்லை. சென்சாருக்கான நிரல் லைப்ரரியில் இருக்கும் சூத்திரம் கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. நம் ஊரில் மே மாதம் யாருக்கு 15 டிகிரி? வெப்பக் காற்று இலேசானது. 30 டிகிரியில் 1 ஹெக்டோபாஸ்கல் குறைய 8.8 மீட்டர் ஏற வேண்டும், சூத்திரம் 8.4 என்கிறது. கெல்வினில் 303-ஐ 288-ஆல் வகுத்துப் பெருக்கினால் 35-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. உச்சியைக் கண்டுபிடிக்க இந்தத் திருத்தம் தேவையே இல்லை. எவ்வளவு உயரம் போனது என்று ஊரில் பெருமையடிக்கத் தேவை.

மே 19, வெள்ளி

சர்வோ திரும்பும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது, ஈஎஸ்பி 32 ரீசெட் ஆகிவிடுகிறது. மேசையில் இது சின்னத் தொல்லை. வானத்தில் நடந்தால், விழித்தெழும் போர்டு அந்த உயரத்தையே தரை என்று எடுத்துக்கொள்ளும். சர்வோவுக்குத் தனி பேட்டரி கொடுத்து, கிரவுண்டை (நெகட்டிவ் கம்பியை) மட்டும் சேர்த்து, ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தாச்சு. அப்புறம் ஃபிளாஷ் சிப்பைத் தரையிலேயே அழித்து வைத்துக்கொள்ள வேண்டும். 4 கேபி துண்டு ஒன்றை அழிக்கவே சுமார் 45 மில்லி நொடி ஆகும். நான் 10 மில்லி நொடிக்கு ஒரு பதிவு எடுக்கிறேன், பறக்கும்போது அழித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

மே 28, ஞாயிறு, முப்பந்தல்

இன்றைக்குத்தான் உண்மையான பரீட்சை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காற்றாலைக்காரர்கள் சும்மாவா வந்தார்கள்? ரோட்டோரம் பைக்கை நிறுத்தினோம். கைக் காற்றுமானியில் நொடிக்கு 10 மீட்டர்.

வெளிக்காற்றின் அழுத்தம் சென்சாருக்கு எட்ட, போர்டு இருக்கும் குழாயில் முதலில் ஒரே ஒரு துளை. துளையைக் காற்றுக்கு நேராகப் பிடித்தால் 'உயரம்' 5 மீட்டர் இறங்குகிறது. பக்கவாட்டில் திருப்பினால் அதே அளவு ஏறுகிறது. குழாய் என் கையில் அசையாமல் இருக்கிறது! கணக்கும் ஒத்துவருகிறது: அந்த வேகக் காற்று மோதினால் 60 பாஸ்கல், அதாவது 5 மீட்டருக்குச் சமம்.

இதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. எட்டிய அதிகபட்ச உயரத்திலிருந்து இவ்வளவு இறங்கினால் உச்சி தாண்டியது என்று போர்டுக்கு ஓர் எல்லை சொல்ல வேண்டும். அந்த எல்லை காற்று செய்யும் ஆட்டத்தை விடப் பெரிதாக இருந்தாக வேண்டும். 5 மீட்டர் என்று வைத்தால், பாட்டில் முழுசாக ஒரு நொடி விழுந்து, மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் பிடித்த பிறகுதான் பாராசூட் விரியும். நூல் தாங்காது. 2 மீட்டர் என்றால் 0.64 நொடி, வேகமும் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். புத்திசாலித்தனமான நிரல் எழுதி இதைச் சரிக்கட்டலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு டிரில் பிட்டில்தான் நம்பிக்கை. சம இடைவெளியில் நான்கு துளை, விளிம்பில் பிசிறில்லாமல் உப்புத்தாள் தேய்ப்பு, சென்சார் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. ஆட்டம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிட்டது. எல்லை 2 மீட்டர், அதுவும் தொடர்ந்து ஐந்து பதிவுகளில் தெரிந்தால் மட்டும். சென்சார் செத்தே போனாலும் கிளம்பி மூன்றரை நொடியில் சர்வோ திரும்பிவிடும்.

ஜூன் 4, ஞாயிறு

விடியக்காலை, வற்றிக் கிடக்கும் குளத்தில் விட்டோம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், பம்பில் அடித்த காற்றழுத்தம் 70 பிஎஸ்ஐ. உச்சி 44 மீட்டர், கிளம்பி 2.9 நொடியில். அதன்பின் 0.7 நொடி கழித்துத்தான் உயரம் 2 மீட்டர் இறங்கியதாக ஐந்து பதிவும் சேர்ந்தன, அதற்குள் மூன்றரை நொடி டைமர் முந்திக்கொண்டு மூடியைத் திறந்திருந்தது. டைமரை நாலரைக்குத் தள்ள வேண்டும்.

பாராசூட் நன்றாக விரிந்தது. அப்படியே மிதந்துபோய்க் கரையோரத் தென்னையில் உட்கார்ந்தது. தேங்காய் போட வந்த அண்ணாச்சி பறித்துக் கொடுத்துவிட்டு, "இது என்ன குண்டா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பதிவில் இன்னொன்று. கிளம்பிய முதல் கணத்தில் முடுக்கக் கோடு 16 ஜி-யில் மொட்டையாக வெட்டிக்கொண்டு நிற்கிறது. எம்பியூ 6050-க்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது. 200 ஜி வரை போகும் ஏடிஎக்ஸ்எல் 375 முடுக்கமானி ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் இரண்டையும் ஒரே போர்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.