குளிர்காலச் சாமான் வாங்குமுன்: பருப்பும் கோல்ட் ரூமும்

குளிர் வரப்போகிறது என்றவுடன் ரொறன்ரோவில் நம்மவர் பலர் முதலில் காரில் ஏற்றுவது 40 இறாத்தல் அரிசி மூட்டையைத்தான். அந்த அவசரம் தேவையில்லை. அரிசி ஜனவரியிலும் அதே கடையில், ஏறக்குறைய அதே விலையில் இருக்கும். பருவத்தோடு விலை மாறுவது மரக்கறிக்குத்தான். ஒன்ராறியோ வயல்களின் கரட், கோவா, வெங்காயம், பீற்றூட், பூசணி எல்லாம் செப்ரெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நன்றி நவிலல் வார இறுதியை ஒட்டி மலிந்து கிடக்கும். பனி கொட்டும் காலத்துக் கீரையும் புரொக்கோலியும் கலிபோர்னியா, அரிசோனாப் பக்கமிருந்து லொறியில் வந்தாக வேண்டும். அங்கே ஒரு வாரம் மழை பெய்தால் இங்கே விலை ஏறிவிடும். ஆகவே கையிலுள்ள காசை முதலில் மரக்கறிக்கும், அடுத்துப் பருப்பு வகைகளுக்கும், கடைசியாகத்தான் அரிசிக்கும் மாவுக்கும் ஒதுக்குங்கள். அலுமாரியில் அரிசி நிறைந்திருந்தால் மூன்று வேளையும் சோறும் புட்டும் இடியப்பமும்தான் சமைக்கத் தோன்றும். தெற்காசியரான நமக்கு நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடியது என்பதால் இதை லேசாக விட முடியாது.

கனடாவின் உணவு வழிகாட்டி 2019இல் மாற்றப்பட்டபோது ஒரு தட்டைப் படமாகப் போட்டார்கள்: பாதி மரக்கறியும் பழமும், கால் பங்கு புரதம், கால் பங்கு முழுத்தானியம். நம் வீட்டுச் சாப்பாட்டை அதற்குள் கொண்டுவரப் புதுச் சமையல் எதுவும் பழக வேண்டியதில்லை. சோற்றுக் கரண்டியையும் பருப்புக் கரண்டியையும் இடம் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

பருப்பு வகையில் கனடாவில் வாழ்பவருக்கு வாய்ப்பு அதிகம். உலகத்திலேயே மிக அதிகமாக மைசூர்ப் பருப்பு இனத்தை ஏற்றுமதி செய்யும் நாடு இதுதான்; அதில் பெரும்பகுதி சஸ்காச்சுவான் மாகாணத்தில் விளைகிறது. 100 கிராம் காய்ந்த பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்று வைத்தால் மாதம் 6 கிலோ, டிசம்பர் முதல் மார்ச் வரை 24 கிலோ. இதை இப்படிப் பிரிக்கலாம்: மைசூர்ப் பருப்பு 8 கிலோ, பயறு 4, கடலை 4, உழுந்து 3, துவரம்பருப்பு 2, கௌபி 2, கிட்னி பீன்ஸ் 1. மைசூர்ப் பருப்புக்கு ஊறவைக்கும் வேலை இல்லை, இருபது நிமிடத்தில் வெந்துவிடும். வேலை முடிந்து களைத்து வரும் நாளில் கைகொடுப்பது அதுதான் என்பதால் அதன் பங்கு கூட.

வாங்கும்போது பையின் விலையைப் பார்க்காமல், கடைத் தட்டில் ஒட்டியிருக்கும் சிறிய எழுத்தில் 100 கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். பெரிய பை எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை பல தடவை பொய்க்கும். அதே பருப்பு தமிழ்க் கடையில் ஒரு விலையும், சுப்பர்மார்க்கெற்றின் 'இயற்கை உணவு' வரிசையில் வேறொரு விலையுமாக இருக்கும். வரியையும் கவனியுங்கள். அடிப்படை உணவுப் பொருளுக்கு ஒன்ராறியோவில் விற்பனை வரி இல்லை. சிப்ஸ், இனிப்பு, சோடா, கிரனோலா பார், உப்பிட்ட கச்சான் போன்றவற்றுக்கு 13 சதவீதம் உண்டு. உப்பில்லாத பச்சைக் கச்சானை வாங்கி வீட்டில் வறுத்தால் வரியும் மிச்சம், உப்பும் குறைவு.

டின் கடலை வசதிதான், ஆனால் ஒரு கிலோ காய்ந்த கடலையை அவித்தால் 540 மில்லிலீற்றர் டின் ஆறு, ஏழில் கிடைக்கும் அளவு வரும். சனிக்கிழமை இரவு ஒரு கிலோவை ஊறப்போட்டு, ஞாயிறு காலை பிரஷர் குக்கரில் அவித்து, தண்ணீரை வடித்து, இரண்டு கோப்பை வீதம் ஸிப் போட்டு மூடும் பைகளில் தட்டையாகப் பரப்பி ஃபிரீசரில் வைத்தால் டின்னின் அதே வசதி வந்துவிடும். தட்டையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. கட்டியாக உறைந்த பை உருக நேரமெடுக்கும். தட்டையானதைக் கையால் உடைத்து நேரே கறிச்சட்டியில் போடலாம். எவ்வளவு அவித்தும் கடலை மெத்தென்று வரவில்லையென்றால் பெரும்பாலும் அது பழைய கடலை. ஒரு வருடத்துக்கு மேல் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தது இறுகிவிடும். ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் ஓரளவு உதவும். புளியையும் தக்காளியையும் முதலிலேயே சேர்ப்பது இன்னொரு காரணம். புளிப்பு இருந்தால் தோல் இளகாது. கடலை வெந்த பிறகே புளி விடவேண்டும்.

கிட்னி பீன்ஸ் மட்டும் தனிக் கவனம் கேட்கும். அதிலுள்ள பைற்றோஹீமாகுளுற்றினின் என்ற நச்சு சரியாக வேகாவிட்டால் கடும் வாந்தியைத் தரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது கொதிக்கக் கொதிக்க அவிக்க வேண்டும். ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடவே கூடாது. அதன் சூடு நச்சை அழிக்கும் அளவுக்குப் போகாமலும் இருக்கலாம்.

இனி எங்கே வைப்பது என்ற கேள்வி. நல்ல சாமான் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கத்து வீடுகள் பலவற்றில் முன்வாசல் படிக்குக் கீழே, பேஸ்மென்ற்றில், கொங்கிறீற் சுவரோடு ஒரு கோல்ட் ரூம் இருக்கும். பலர் அதை உடைந்த நாற்காலிக்கும் பழைய பாத்திரத்துக்கும் விட்டுவிடுகிறார்கள். அரிசி மூட்டை வைப்போர் இன்னும் பெரிய பிழை செய்கிறார்கள். அந்த அறை குளிரானது மட்டுமல்ல, ஈரமானதும்கூட. கொங்கிறீற் தரையில் நேரே வைத்த மூட்டையின் அடிப்பக்கம் ஈரம் உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். அரிசி, மா, பருப்பு, கறித்தூள் எல்லாம் வீட்டின் உலர்ந்த பகுதியில், மூடி இறுகும் வாளியில் இருக்கட்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பக்கத்தில் வேண்டாம், அந்தச் சூடு எண்ணெய்ச் சத்துள்ளதைக் கெடுக்கும்.

கோல்ட் ரூம் மரக்கறிக்கு. பத்து டொலருக்குள் கிடைக்கும் வெப்பமானி ஒன்றை, ஈரப்பதமும் காட்டுவதாக வாங்கி மாட்டுங்கள். வெளிச்சுவரிலுள்ள காற்றுக் குழாயைத் துணியால் முழுதாக அடைக்காதீர்கள். காற்று ஓடாவிட்டால் சுவர் வியர்க்கும். அறைக் கதவு இடைவெளியின்றி மூட வேண்டும். இல்லையென்றால் வீட்டின் சூடான காற்று உள்ளே போய்க் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். மரத் தட்டுகளைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

உருளைக்கிழங்கு 7 முதல் 10 பாகை செல்சியஸில், இருட்டில், கடதாசிப் பையில் நன்றாக இருக்கும். 4 பாகைக்குக் கீழே போனால் மாச்சத்து சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது கறுத்துப்போகும். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறினால் அந்தப் பகுதியைத் தடிப்பாகச் சீவி எறியுங்கள். அதிகம் பச்சையென்றால் கிழங்கையே எறியுங்கள். கரட்டுக்கு இலையை வெட்டிவிட வேண்டும், விட்டால் இலை கிழங்கின் நீரை இழுத்துவிடும். கழுவாமல், ஈர மணல் நிரப்பிய பெட்டியில் புதைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். கோவாவை ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்றி வையுங்கள். வெளி இலை காய்ந்தாலும் உள்ளே நன்றாக இருக்கும்.

எல்லாவற்றையும் அங்கே அடுக்கிவிடக் கூடாது. பூசணிக்கும் வற்றாளங்கிழங்குக்கும் 10 பாகைக்குக் கீழே குளிர் பட்டால் உள்ளே அழுகத் தொடங்கும். இவற்றைப் பேஸ்மென்ற்றின் சாதாரண மூலையில் வையுங்கள். காம்பு ஒடியாததாகப் பார்த்து வாங்கினால் பட்டர்நட் வகைப் பூசணி இரண்டு மூன்று மாதம் கிடக்கும். வெங்காயமும் உள்ளியும் ஈரத்தில் முளைக்கும். வலைப்பையில், உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வேண்டாம், கிழங்கு விடும் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும். ஆப்பிள் வெளிவிடும் எதிலீன் வாயு கரட்டைக் கசக்க வைக்கும் என்பதால் அது தனியே போக வேண்டும். அப்பார்ட்மென்ற்றில் இருப்பவர்கள் பல்கனியை நம்ப வேண்டாம். ஒரே இரவில் உறைந்து, மறுநாள் வெயிலில் இளகி எல்லாம் கூழாகிவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் இரண்டு கோவா, ஒரு பை கரட், கொஞ்சம் பீற்றூட் கொள்ளும். மிச்சம் ஃபிரீசருக்கு.

ஃபிரீசரில் போஞ்சியைப் பச்சையாகப் போட்டால் சில வாரத்தில் வைக்கோல் மணம் வரும், நிறமும் மங்கும். உறைந்த பிறகும் அதன் நொதியங்கள் மெல்ல வேலை செய்வதால் வரும் கேடு இது. கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் மூன்று நிமிடம் விட்டு, துணியில் நன்றாக உலர்த்திய பின்பே பையில் போட வேண்டும். கீரைக்கு இரண்டு நிமிடம் போதும். ஈரத்தோடு போட்டால் பனிக்கட்டியாக ஒட்டிவிடும். தக்காளிக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. செப்ரெம்பரில் புஷல் (பெரிய கூடை) கணக்கில் வாங்கிக் கழுவி, முழுதாகவே உறையவிடலாம். எடுத்துச் சுடுநீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும். இதற்கு நேரமில்லாதவர்கள் கடையில் உறையவைத்த கீரை, பட்டாணி, போஞ்சி வாங்கலாம், சத்தில் குறையில்லை. சோஸ் சேர்த்ததை மட்டும் விட்டுவிடுங்கள். கறிவேப்பிலையையும் இஞ்சியையும் முழுதாக உறையவைக்கலாம். வறுத்த கறித்தூளை ஒரு மாதத்துக்குரியதை மட்டும் வெளியே வைத்து மிச்சத்தை ஃபிரீசரில் வைத்தால் மணம் போகாது.

அரிசிக்கு வருவோம். தவிடுள்ள சிவப்பரிசி நல்லது, ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் ஆறு மாதத்துக்குள் சிக்கு மணம் வரத் தொடங்கும். மாதத்துக்கு ஒரு சிறு பை போதும். 'சிவப்பரிசி' என்று எழுதியிருப்பதெல்லாம் தீட்டாத அரிசி அல்ல. அரிசிமணியில் வெள்ளை வரி தெரிந்தால் தவிட்டின் ஒரு பகுதி போய்விட்டது. கோதுமை மாவிலும் இதே கவனம் வேண்டும். கனடாவில் 'ஹோல் வீற்' என்று விற்கும் மாவில் தானியத்தின் 5 சதவீதம் வரை நீக்கச் சட்டம் இடமளிக்கிறது. நீங்குவதில் பெரும்பகுதி முளைதான். முழுத்தானிய மா வேண்டுமென்றால் லேபலில் 'ஹோல் கிரெய்ன்' என்ற சொல் இருக்க வேண்டும். குரக்கன் மாவைப் புட்டுக்கு அரைப்பங்கு கலப்பது நல்ல பழக்கம். கம்பு மா விரைவில் கசக்கும் என்பதால் சேமிப்புக்கு ஏற்றதல்ல.

புதிதாக வாங்கிய மாவையும் பயறையும் வாளியில் கொட்டுமுன் பையோடு நான்கு நாள் ஃபிரீசரில் வையுங்கள். வண்டின் முட்டை இருந்தால் செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லையென்றால் காற்றின் ஈரம் மாவில் படிந்து கட்டியாகும்.

மலிவான சேமிப்பு பலருக்கு உப்பான சேமிப்பாகிவிடுகிறது: கருவாடு, ஊறுகாய், நூடுல்ஸ், சூப் டின். லேபலில் நாளாந்த அளவின் சதவீதத்தைப் பாருங்கள். 5 சதவீதம் என்றால் கொஞ்சம், 15 சதவீதம் என்றால் அதிகம். 2026 ஜனவரி முதல் உப்பு, சீனி, நிறைகொழுப்பு கூடிய பொதிகளின் முகப்பிலேயே கறுப்பு வெள்ளைக் குறியீடு போட வேண்டும் என்பது சட்டம். டின் கடலையைக் கழுவினாலும் கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் உப்பு கணிசமாக இறங்கும். டின் மீனை ஒதுக்க வேண்டாம். முள்ளோடு சாப்பிடும் சாடினிலும் சமனிலும் கல்சியமும் விற்றமின் டியும் இருக்கின்றன. இங்கே குளிர்காலத்து வெயில் நம் தோலில் விற்றமின் டி உண்டாக்கப் போதாது. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் நாளொன்றுக்கு 400 ஐயூ (சர்வதேச அலகு) விற்றமின் டி மாத்திரை எடுக்கவேண்டும் என்பது கனடிய சுகாதார அமைச்சின் பரிந்துரை.

டின்னையும் கண்ணாடிப் போத்தலையும் கராஜில் வைக்காதீர்கள். உள்ளே உறைந்து விரிந்தால் டின்னின் மூட்டு விடும், போத்தல் வெடிக்கும். பச்சை உள்ளியை எண்ணெயில் ஊறவிட்டு வெளியே வைப்பதும் கூடாது, பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி அங்கே வளரும். மணமும் நிறமும் எதையும் காட்டாது.

2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நிறைந்த ஃபிரீசர் திறக்காமல் விட்டால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வெற்றிடம் இருந்தால் பழைய பால் போத்தலில், விரிய இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி உறையவிடுங்கள்.